எங்கள் தமிழ்த் துறையில் மூன்று பேர்

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிப்பவருக்கு அக்கம்பக்கத்து மேசைகளிலேயே பத்துப் பேர் துணை இருப்பார்கள். ஒருவர் போட்ட பயிற்சித்தாளை இன்னொருவர் சரிபார்ப்பார். வேறொருவர் அதில் இரண்டு கேள்விகளை மாற்றித் தன் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போவார். தமிழுக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் துறையில் மூன்று பேர். இரண்டே பேர் உள்ள பள்ளிகளும் உண்டு. வகுப்புகளைப் பங்குபோட்டுக்கொண்ட பிறகு, உயர்நிலை 2இல் நான் எடுத்த பாடத்தை அதே வாரம் எடுத்த இன்னொருவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்கமாட்டார். பாடம் எங்கே இடறியது என்று யாரிடம் கேட்பது?

முன்பெல்லாம் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் பயிலரங்கு நடக்கும் நாளுக்காகக் காத்திருப்போம். அங்கே தேநீர் இடைவேளையில் பென் டிரைவ் கைமாறும். யாரோ ஒருவர் செய்த வாய்மொழிப் பயிற்சி, யாரோ சேர்த்து வைத்த நாளிதழ்த் துணுக்குகள் என்று எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கிடைக்கும். இன்று அந்தக் கைமாற்று தினமும் நடக்கிறது, இணையத்தில். சமூக ஊடகத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது என்றால் என்ன என்று இளம் ஆசிரியர்கள் கேட்கும்போது நான் அந்தத் தேநீர் இடைவேளையைத்தான் சொல்வேன். மற்ற பாட ஆசிரியர்களுக்கு அது கூடுதல் வசதி. தமிழாசிரியருக்கு அதுவே ஆசிரியர் அறை.

இதில் நமக்கு ஒரு முன்னோடியும் இருக்கிறார். நா. கோவிந்தசாமி எழுத்தாளர், ஆசிரியர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். தமிழை இணையத்தில் ஏற்றுவது பெரும்பாடாக இருந்த 1990களில், வகுப்பறையையும் கணினியையும் ஒன்றாகப் பார்த்தவர். 1999இல் மறைந்துவிட்டார். நாம் இன்று கைப்பேசியில் தட்டும் ஒவ்வொரு தமிழ்ச் செய்திக்குப் பின்னாலும் அவரைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். இந்த ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் செய்த வேலை என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எதைக் கற்பதற்கு முன்னும் தமிழில் தட்டெழுதக் கற்றுக்கொள்ளுங்கள். இது அடிப்படை என்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைப்பது பெரியவர்களுக்குச் சுலபம். ஆனால் மாணவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையையே பழக்குங்கள் என்பேன். அதில் உயிரெழுத்து இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். மகரம் இரண்டு முறை வந்ததும் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘தங்கம்’ எழுதும்போது ங, க என்று தட்டினால் ‘ங்க’ என்று தானே சேர்ந்துகொள்ளும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் மண்டையில் ஏறாத பிள்ளைக்கு, விரல் வழியாக அது ஏறிவிடுகிறது. ஆங்கில எழுத்து வழியாகத் தட்டும் பிள்ளையோ ழ, ள, ல மூன்றையும் ஆங்கில எழுத்துகளாகவே நினைவில் வைத்துக்கொள்கிறது. ஐபோனில் 2013ஆம் ஆண்டிலிருந்தே தமிழ் விசைப்பலகை உள்ளே இருக்கிறது. தனியாக எதையும் வாங்கவேண்டியதில்லை.

அப்புறம் பழைய கோப்புகள். மூத்த ஆசிரியர்களிடம் இருபது ஆண்டுச் சேகரிப்பு இருக்கும். எல்லாம் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில். புதிய கணினியில் திறந்தால் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரியும். அந்தச் செல்வத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு முதலில், எழுத்து பிறகு, கால் கடைசியில் என்று மூன்று துண்டாக இருக்கும். மாற்றும்போது அவை பிரிந்து நின்றால் ‘கொடி’ என்பது ‘கெ’யும் ஒரு தனிக் காலுமாக உடைந்து போகும். கால் ‘ர’வாக மாறி நிற்பதும் உண்டு. பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போதும் இதே கதைதான். பணி ஓய்வு பெற்ற ஓர் ஐயாவின் கருத்தறிதல் பகுதிகளை இப்படி மாற்றி எடுத்தோம். “அதெல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேம்மா” என்றார். அவை இப்போது பல பள்ளிகளில் ஓடுகின்றன, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் பெயரோடு.

கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதன் அருமை பெரும்பாலோருக்குத் தெரிந்தது கொவிட் பரவிய 2020இல்தான். ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. முதல் வாரத்திலேயே ஒரு நேரலைப் பாடத்துக்குள் அந்நியர்கள் புகுந்த சம்பவம் நடந்து, அந்தக் காணொளிச் செயலியை ஆசிரியர்கள் பயன்படுத்துவதை அமைச்சு சில நாள் நிறுத்திவைத்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளோடுதான் மறுபடி அனுமதித்தது. கடவுச்சொல், காத்திருப்பு அறை, திரைப்பகிர்வை ஆசிரியர் மட்டும் வைத்துக்கொள்வது, இணைப்பைப் பொதுவெளியில் போடாமல் இருப்பது என்ற பழக்கங்கள் எல்லாம் அப்போது வந்தவை. இன்றும் ஒன்றைக்கூட விடக்கூடாது.

அந்தக் காலத்தில்தான் நான் இன்றுவரை உயிராய்ப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு முறை கிடைத்தது. ஒலிப்பதிவு.

இங்கே தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் இது புரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிடக் குறைவு. வகுப்பில் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தமிழ் என்பது பாடவேளையில் மட்டும் காதில் விழும் மொழி. இருபது பேர் உள்ள வகுப்பில் ஒரு பாடவேளைக்கு ஒவ்வொருவரும் எத்தனை வாக்கியம் பேசிவிட முடியும்? கூச்சப்படும் பிள்ளை ஒன்றுகூடப் பேசாமலே மணி அடித்துவிடும்.

மாணவர் கற்றல் தளத்தில் பதிலை எழுதாமல் பேசிப் பதிவுசெய்யும் வசதி உண்டு. வாரம் ஒரு பதிவு, ஒரு நிமிடத்துக்குள். இவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு வாரம் கொடுத்த வேலை, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் ஒரு சமையல் குறிப்பைக் கேட்டு அதைத் தமிழில் சொல்லவேண்டும் என்பது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி அங் மோ கியோவில் இருக்கும் பாட்டி வீட்டிலிருந்து ரசம் வைப்பதைப் பதிவுசெய்து அனுப்பினாள். பின்னால் மின்விசிறிச் சத்தம். “முதல்ல புளிய... புளிய...” என்று தடுமாறுகிறாள். தூரத்திலிருந்து பாட்டி குரல்: “ஊறவைக்கணும்னு சொல்லு கண்ணு.” “ஊறவைக்கணும்” என்று இவள் தொடர்கிறாள், ‘ற’வை அழுத்தி, பாட்டி சொன்னது போலவே. அந்த ஒரு சொல் எந்தப் பயிற்சித்தாளிலிருந்தும் அவளுக்குக் கிடைத்திருக்காது. இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

பதிவில் இன்னொரு நன்மை, யாரும் முதல் பதிவை அப்படியே அனுப்புவதில்லை. கேட்டுப் பார்ப்பார்கள், பிடிக்காது, அழித்துவிட்டு மறுபடி பேசுவார்கள். ஆசிரியர் சொல்லாமலே பயிற்சி நடந்துவிடுகிறது. தேர்வுக்கும் இது நேரடியாக உதவுகிறது. வாய்மொழித் தேர்வில் இப்போது மாணவர்கள் திரையில் காணொளி பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றி உரையாடுகிறார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து தமிழில் யோசித்துப் பேசுவது முன்பே கைவந்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும்.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். திருத்தத்தையும் குரலிலேயே சொல்லுங்கள், அரை நிமிடம் போதும். ஒரு பதிவுக்கு ஒரே ஒரு திருத்தம். ‘ழ’ என்றால் அந்த வாரம் ‘ழ’ மட்டும். பாராட்டு முதலில் வரட்டும், அதுவும் குறிப்பாக இருக்கட்டும். ‘நன்று’ என்பதைவிட, “ஊறவைக்கணும் என்று சொன்னாயே, அதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது” என்பது வேலை செய்யும். பேச்சுத்தமிழைத் தடுக்காதீர்கள். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வே வகுப்பில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. ‘வைக்கணும்’ என்பதை ‘வைக்கவேண்டும்’ என்று திருத்தத் தொடங்கினால் அடுத்த வாரம் பதிவே வராது. எழுத்துத்தமிழுக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். கூகள் குரல் தட்டச்சில் தமிழுக்குள் சிங்கப்பூர் என்றே தனித் தெரிவு இருக்கிறது. மாணவர் பேசப் பேசத் திரையில் எழுத்து விழும். விழுந்த பேச்சுநடையை எடுத்துக்கொண்டு எழுத்துநடைக்கு அவர்களே மாற்றவேண்டும். கட்டுரைத்தாளைக் கண்டாலே உறைந்துபோகும் பையன்களுக்கு இது பெரிய திறப்பு. வெற்றுத்தாள் என்ற பயம் இல்லை, முன்னால் அவர்கள் சொன்னதே கிடக்கிறது.

மற்ற கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கஹூட் வினாடிவினா, பேட்லெட் இணையப் பலகை, கேன்வா வடிவமைப்புச் செயலி எல்லாம் நல்லவைதான். எதை எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதை வைத்துக்கொண்டு பிள்ளை தமிழில் எவ்வளவு பேசுகிறது, எவ்வளவு எழுதுகிறது? நான்கு விடையில் ஒன்றைத் தொடுவது மட்டும்தான் வேலை என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்கமாட்டேன். கஹூடில் விடையளிக்கும் நேரத்தையும் கூட்டி வையுங்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இருபது விநாடியில் கேள்வியே முடியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கருத்தறிதல் பகுதி கேட்டால் உடனே தருகின்றன. ஆனால் சந்தி தப்பும். ‘அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகத்தில் வசித்து வரும் சிறுவன் ஒருவன்’ என்று யாரும் பேசாத தமிழில் நீட்டி முழக்கும். யோசனை எடுத்துக்கொள்ளலாம். மாணவர் கைக்குப் போகும் வாக்கியத்தை ஆசிரியர் வாய்விட்டுப் படித்துத் திருத்தியே தரவேண்டும். இவர்களுக்குத் தமிழ் கிடைக்கும் இடங்களே சில. அங்கேயும் பிழையோடு கொடுக்கலாமா?

கைவசம் இருந்தும் நாம் குறைவாகவே தொடும் களஞ்சியம் தேசிய நூலக வாரியத்துடையது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அதன் நாளிதழ்த் தொகுப்பில் பார்க்கலாம். 1965 முதல் 2015 வரை வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவமாக்கிய திட்டமும் இருக்கிறது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தைப் பற்றி இணையத்தில் எங்கெங்கோ தேடி அரைகுறைக் கட்டுரையை வெட்டி ஒட்டுவதைவிட, ஒரு பழைய விளம்பரத்தைத் திரையில் போட்டு “இதில் இருக்கும் விலையைப் பார், இன்று என்ன விலை?” என்று கேளுங்கள். வகுப்பே பேசும்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழு வேண்டுமா, வேண்டாமா என்று ஒவ்வொரு பள்ளியிலும் விவாதம் நடக்கிறது. இரவு பத்தரைக்கு, “டீச்சர், நாளைக்குக் கட்டுரை அனுப்பணுமா?” என்று செய்தி வரும். கேட்பவர் மேல் தப்பில்லை. அவர் வேலை முடிந்து வீடு திரும்புவதே ஒன்பது மணிக்கு. ஆனால் பதில் சொல்லத் தொடங்கினால் அதுவே வழக்கமாகிவிடும். 2024 செப்டம்பரில் கல்வி அமைச்சு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஆசிரியர்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதில்லை, பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் வேலைச் செய்திகளுக்குப் பதில் சொல்லவேண்டியதும் இல்லை. இதை முதல் தவணையின் முதல் கடிதத்திலேயே அன்பாக எழுதிவிடுங்கள். அறிவிப்பு என்றால் பேரன்ட்ஸ் கேட்வே செயலி, கேள்வி என்றால் பள்ளி மின்னஞ்சல், மறுநாள் பதில் வரும். கூடவே ஒரு வரி தமிழிலும் இருக்கட்டும். ஆங்கிலக் கடிதங்களுக்கு நடுவே தமிழ் வரி கண்ட ஒரு தாத்தா, பேரனின் பெற்றோர் சந்திப்புக்குத் தாமே வந்து நின்றார். அவர் சொன்ன கம்போங் (பழைய கிராம வாழ்க்கை) கதைகள் அந்த ஆண்டு எங்கள் வாய்மொழிப் பாடத்துக்குப் பெரிய வரவு.

மாணவர்களோடு சமூக ஊடகத்தில் நட்பு வைத்துக்கொள்வதில்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. இன்ஸ்டகிராமுக்கும் டிக்டாக்குக்கும் குறைந்தபட்ச வயது 13. உயர்நிலை 1இல் அந்த வயதைத் தொடாதவர்களும் இருப்பார்கள். அவர்களை வீட்டுப்பாடத்தின் பெயரால் அங்கே கூப்பிடக்கூடாது. என் சொந்தக் கணக்கில் குடும்பம். தொழில் கணக்கில் பாடம் மட்டும், அதுவும் என் முழுப்பெயரோடு. பெயரை மறைத்துப் பேசினால் சக ஆசிரியர்கள் நம்பமாட்டார்கள். மாணவர் முகம், பெயர், பள்ளிச் சீருடை, விடைத்தாளின் கையெழுத்து, இவை எதுவும் அதில் வராது. ஒரு பிள்ளையின் பிழை எவ்வளவு சுவையாக இருந்தாலும் அதைப் பொதுவில் போட்டுச் சிரிப்பது துரோகம். தன் தமிழ் நகைப்புக்குரியது என்று ஒரு முறை பட்டுவிட்டால் அந்தப் பிள்ளை பிறகு பேசாது.

பகிர்வதில் இன்னொரு ஒழுங்கு, யாருடையது என்று சொல்வது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், இணையத்தில் தடையின்றிக் கிடைப்பவற்றைக் கல்விக்காகப் பயன்படுத்தப் பள்ளிகளுக்கு இடம் கொடுக்கிறது. மூலத்தைக் குறிப்பிடவேண்டும் என்ற நிபந்தனையோடு. நம்மவர்களின் பயிற்சித்தாள்கள் மேற்பகுதி வெட்டப்பட்டு, பெயர் போய், பத்துக் குழுக்களைச் சுற்றித் திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. உழைத்தவர் பெயரை வைத்துவிட்டால் அவர் அடுத்ததையும் தருவார். கோப்புகளை இரண்டு இடத்தில் வைக்கும் பழக்கமும் வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒரு சாதன மேலாண்மைச் செயலிக்குள் ஊடுருவல் நடந்து, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களிலிருந்து தரவுகள் அழிந்தன. தேர்வு நெருங்கும் நேரம். குறிப்புகளை மேகக் கணிமையிலும் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இப்படிப் பகிர்ந்ததில் எனக்குக் கிடைத்தவர்கள் மலேசிய ஆசிரியர்கள். அங்கே 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. நமக்குத் தமிழ் ஒரு பாடம், அங்கே பயிற்றுமொழியே தமிழ். அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்தைப் பற்றி நான் போட்டிருந்த ஒரு வாசிப்புப் பகுதிக்குக் கெடாவில் கற்பிக்கும் அக்கா ஒருவர் எழுதினார்: “எங்க பிள்ளைங்களுக்கு இந்தக் கீழ்த்தளம் புரியல. ஆனா உங்க பிள்ளைங்க அதப் பத்திப் பேசுனா கேட்டுக்குவாங்க.” அங்கிருந்துதான் அடுத்த திட்டம் பிறந்தது. இரண்டு வகுப்புகளும் ஒலிப்பதிவு பரிமாறிக்கொள்ளப் போகின்றன. முகம் இல்லை, முழுப்பெயர் இல்லை, குரல் மட்டும். பெற்றோர் ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, இரண்டு பள்ளி முதல்வர்களும் சம்மதித்துவிட்டார்கள். ஆசிரியர் கணக்கு வழியாக மட்டுமே பதிவுகள் போய்வரும்.

கேட்கவேண்டிய கேள்விகளை மாணவர்களே தயாரித்து, தமிழ்99இல் தட்டி, பேட்லெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை அதிகம் பேர் விருப்பம் போட்டிருக்கும் கேள்வி: “உங்க ஸ்கூல்ல கணக்குகூடத் தமிழ்லயா? அப்ப ‘ஃபிராக்‌ஷனு’க்கு என்ன சொல்வீங்க?”